கணையத்தில் கத்தி வைத்த டாக்டர் விப்பிள்

மும்பை தாராவியில் குடியிருக்கும் அண்ணாச்சி ஒருவருக்குக் கொஞ்ச காலத்துக்கு முன் கண் மஞ்சளானது. நெல்லைச் சீமையில் இருந்து வந்து முப்பது ஆண்டுகளாகத் தோல் பட்டறையில் வேலை பார்ப்பவர். கீழாநெல்லியை அரைத்து மோரில் கலந்து குடித்துப் பார்த்தார். மஞ்சள் இறங்கவில்லை. உடம்பெல்லாம் அரிப்பு. சோறு செல்லவில்லை. ஆஸ்பத்திரியில் ஸ்கேன் எடுத்தார்கள். பித்தக் குழாய் சிறுகுடலில் வந்து சேரும் வாயில் ஒரு கட்டி இருந்தது. விப்பிள் ஆபரேஷன் செய்ய வேண்டும் என்று டாக்டர் எழுதிக் கொடுத்தார்.

விப்பிள் என்பது நோயின் பெயரா, மிஷினின் பெயரா என்று அந்த வீட்டில் யாருக்கும் தெரியாது. பத்திரிகைக்குச் செய்தி எழுதுகிறவன் என்பதால் என்னைக் கேட்டார்கள். எனக்கும் தெரியாது.

ஆபரேஷன் அன்று லீவு போட்டுவிட்டுக் கூடப் போனேன். காலையில் உள்ளே கொண்டுபோனவரைப் பற்றி மாலையில்தான் தகவல் வந்தது. ஆபரேஷன் நல்லபடியாக முடிந்தது, கசிவு மார்க் பத்துக்கு ஆறு என்று டாக்டர் சொன்னார். மதினி கையெடுத்துக் கும்பிட்டார். முப்பத்தைந்து வாங்கினாலே பாஸ், அப்பாவுக்கு அறுபது என்று மகன் சந்தோஷப்பட்டான். டாக்டர் அவன் தோளில் கை வைத்து, இந்தக் கணக்கில் மார்க் ஏற ஏற ஆபத்தும் ஏறும் என்று விளக்கினார். அந்த வராந்தாவில் அப்போது விழுந்த அமைதியை நான் மறக்க முடியாது.

அந்த ஆறு மார்க் எங்கிருந்து வந்தது? தேடிப் படித்தபோது, அதன் வேர் 1934-ம் ஆண்டில் நியூயார்க்கில் நடந்த ஒரு மரணத்தில் இருப்பது தெரிந்தது. அந்த ஆபரேஷனைச் செய்தவர்தான் டாக்டர் ஆலன் ஓல்டுபாதர் விப்பிள். அவருடைய கதை இது.

பாரசீகத்தில் பிறந்த அமெரிக்கர்

விப்பிள் அமெரிக்கர். ஆனால் பிறந்தது அமெரிக்காவில் அல்ல. 1881-ம் ஆண்டு செப்டம்பர் 2-ந் தேதி பாரசீகத்தில், அதாவது இன்றைய ஈரான் நாட்டின் வடமேற்கு மூலையில் உள்ள உருமியா நகரில் பிறந்தார். பெற்றோர் அங்கே மிஷன் ஊழியம் செய்ய வந்தவர்கள்.

உருமியா பல மக்கள் கலந்து வாழ்ந்த ஊர். அசிரியக் கிறிஸ்தவர்கள், ஆர்மீனியர்கள், துருக்கி மொழி பேசுவோர், குர்துகள் என்று ஒரே கடைத்தெருவில் நான்கைந்து பாஷை கேட்கும். தாராவியிலும் மாதுங்காவிலும் வளரும் நம் பிள்ளைகளைப் போல, வீட்டில் ஒரு பாஷை, தெருவில் வேறு பாஷை என்று வளர்ந்தவர் விப்பிள். அவர் பிள்ளையாக இருந்த காலத்தில், டாக்டர் ஜோசப் காக்ரன் என்ற மிஷன் டாக்டர் அந்த ஊரில் ஆஸ்பத்திரி நடத்தி, உள்ளூர் இளைஞர்களுக்கு வைத்தியமும் சொல்லிக் கொடுத்து வந்தார்.

பிறகு விப்பிள் அமெரிக்கா சென்றார். பிரின்ஸ்டன் பல்கலைக் கழகத்தில் படித்து 1904-ல் பட்டம் பெற்றார். நியூயார்க்கில் கொலம்பியா பல்கலைக் கழக மருத்துவக் கல்லூரியில் சேர்ந்து 1908-ல் டாக்டர் ஆனார். அதே நகரில் பயிற்சி. அதே நகரில் பிரஸ்பிட்டேரியன் ஆஸ்பத்திரியில் வேலை. 1921-ம் ஆண்டு, நாற்பது வயது நிறையும் முன்பே, கொலம்பியாவில் அறுவை சிகிச்சைத் துறைப் பேராசிரியர் ஆனார். 1946 வரை, இருபத்தைந்து ஆண்டுகள் அந்த நாற்காலியில் இருந்தார்.

இங்கே ஒரு குழப்பத்தைத் தீர்த்துவிட வேண்டும். மருத்துவ உலகில் இரண்டு விப்பிள்கள் உண்டு. 1934-ல் நோபல் பரிசு பெற்றவர் ஜார்ஜ் விப்பிள். இரத்தச் சோகை ஆராய்ச்சிக்காக அவருக்கு அந்தப் பரிசு கிடைத்தது. விப்பிள் நோய் என்று ஒரு குடல் நோய்க்குப் பெயர் வந்ததும் அவரால்தான். நம் கதாநாயகர் ஆலன் விப்பிளுக்கு நோபல் பரிசு கிடைக்கவில்லை. அவர் பெயர் ஆபரேஷன் தியேட்டரில் நிலைத்தது.

கத்தி வைக்கும் முன் மூன்று கேள்வி

ஆபரேஷன் முடிந்தால் டாக்டரின் வேலை முடிந்தது என்று விப்பிள் நினைத்தவர் அல்ல. ஆபரேஷனுக்குப் பிறகு நோயாளிகளுக்கு நுரையீரலில் அழற்சி வந்து பலர் இறந்த காலம் அது. அதைப் பற்றி ஆராய்ந்து 1918-லேயே அவர் கட்டுரை எழுதினார். ஆபரேஷன் வென்றும் ஆள் ஏன் போகிறார் என்ற கேள்வி இளம் வயதிலேயே அவரைப் பிடித்துக் கொண்டது.

கணையத்தின் பக்கம் அவரைக் கொண்டுவந்தது சர்க்கரை. கணையம் என்பது இரைப்பைக்குப் பின்னால், முதுகெலும்பை ஒட்டிக் குறுக்கே படுத்திருக்கும் ஓர் உறுப்பு. அதற்கு இரண்டு வேலை. ஒன்று, இன்சுலினை இரத்தத்தில் விடுவது. இன்னொன்று, சோற்றையும் கறியையும் கொழுப்பையும் கரைக்கும் நீரைச் சுரந்து, ஒரு மெல்லிய குழாய் வழியாகச் சிறுகுடலில் விடுவது. இந்தக் கணைய நீர் ஒரு நாளைக்கு ஒரு லிட்டருக்கும் மேல் ஊறுகிறது.

சிலருக்குக் கணையத்தில் சிறு கட்டி தோன்றி, இன்சுலின் அளவுக்கு மிஞ்சிச் சுரக்கும். பசி நேரத்தில் தலை சுற்றும், பிதற்றுவார்கள், மயங்கி விழுவார்கள். பைத்தியம் என்றும் வலிப்பு என்றும் பெயர் சூட்டுவார்கள். அதே அறிகுறி உள்ள எல்லோருக்கும் கட்டி இருக்கும் என்றும் சொல்ல முடியாது. வயிற்றைத் திறந்து பார்த்து, ஒன்றும் இல்லை என்று மூடினால் நோயாளிக்கு வீண் துன்பம்.

இதற்கு விப்பிள் ஒரு விதி வகுத்தார். பட்டினி நேரத்தில் அறிகுறி வர வேண்டும். அந்த நேரத்தில் இரத்தச் சர்க்கரை 50-க்குக் கீழே இருக்க வேண்டும். சர்க்கரை கொடுத்ததும் ஆள் தெளிய வேண்டும். மூன்றும் பொருந்தினால் மட்டுமே கத்தி. 1930-களில் அவர் சொன்ன இந்த விதி, விப்பிளின் மூன்று அடையாளம் என்று இன்றும் மருத்துவ மாணவர்களுக்குப் பாடமாக இருக்கிறது. பழக்கத்தையும் தைரியத்தையும் மட்டும் நம்பாமல், எண்ணைப் பார்த்து முடிவு செய்யும் புத்தி அதில் இருக்கிறது.

கரைந்துபோன தையல்

இனி அந்த 1934-க்கு வருவோம்.

பித்தக் குழாயும் கணையக் குழாயும் சேர்ந்து சிறுகுடலில் திறக்கும் இடத்துக்கு வாட்டர் வாய் என்று பெயர். ஜெர்மனியைச் சேர்ந்த வாட்டர் என்ற மருத்துவரின் பெயர் அது. அந்த இடத்தில் வரும் கட்டியை எடுப்பது பெரும் பாடு. காரணம், அந்த மூலையில் கணையத்தின் தலை, சிறுகுடலின் முதல் வளைவு, பித்தக் குழாய் எல்லாம் ஒன்றோடு ஒன்று பின்னிக் கிடக்கின்றன. பக்கத்திலேயே பெரிய இரத்தக் குழாய்கள் ஓடுகின்றன. ஒன்றை மட்டும் தனியே பிரித்தெடுக்க முடியாது.

விப்பிளுக்கு முன்பே சிலர் முயன்றார்கள். இத்தாலியில் கோதிவில்லா 1898-ல் செய்தார். நோயாளி சில வாரங்களில் இறந்தார். பெர்லினில் வால்டர் காவுஷ் 1909-ல் இரண்டு கட்டமாகச் செய்து வெற்றி கண்டு, 1912-ல் அதைப் பற்றி எழுதினார். ஆனால் அந்த வழியில் துணிந்து தொடர்ந்தவர்கள் மிகச் சிலரே.

விப்பிளும் அவருடைய சகாக்களும் 1934-ல் துணிந்தார்கள். கட்டி இருந்த பகுதியை எடுத்தார்கள். மிச்சமிருந்த கணையத்தைக் குடலோடு சேர்த்துத் தைத்தார்கள். தைத்த நூல் கேட்கட். ஆட்டின் குடலில் இருந்து செய்யப்படும் நூல் அது. உடம்புக்குள் தானே கரைந்துவிடும் என்பதால் அந்தக் காலத்தில் எல்லோரும் விரும்பிய நூல்.

ஆனால் கணைய நீரின் வேலையே இறைச்சியைக் கரைப்பதுதான். ஆட்டுக் குடல் நூல் அதற்கு எம்மாத்திரம்? தையல் கரைந்தது. இணைப்பு பிரிந்தது. கணைய நீர் வயிற்றுக்குள் கசிந்தது. ஏறத்தாழ முப்பது மணி நேரத்தில் நோயாளி இறந்தார்.

பலர் இத்துடன் கைவிட்டிருப்பார்கள். அல்லது அந்த மரணத்தை வெளியே சொல்லாமல் விட்டிருப்பார்கள். விப்பிள் இரண்டையும் செய்யவில்லை. காரணம் என்ன என்று பார்த்தார். கேட்கட்டை விட்டுப் பட்டு நூலுக்கு மாறினார். கணையத்தைக் குடலோடு இணைக்காமல், அதன் வாயைக் கட்டி மூடிவிடும் முறைக்கு மாறினார். இரண்டாவது நோயாளி சில மாதங்கள் வாழ்ந்தார். மூன்றாவது நோயாளி இரண்டு ஆண்டுகளுக்கு மேல் வாழ்ந்தார். 1935-ம் ஆண்டு, பார்சன்ஸ், முல்லின்ஸ் என்ற இரண்டு சகாக்களுடன் சேர்ந்து, மூன்று பேரின் கதையையும் அமெரிக்க அறுவை சிகிச்சை நிபுணர்கள் முன் வைத்தார். முப்பது மணி நேரத்தில் இறந்தவரின் கதையும் அதில் இருந்தது. தோல்வியை ஒளிக்காமல் எழுதிய அந்தக் கட்டுரைதான் உலகத்துக்கு இந்த ஆபரேஷனைக் கொடுத்தது.

இரண்டு ஆபரேஷன் ஒன்றானது

அப்போது இதை இரண்டு தவணையாகத்தான் செய்தார்கள். முதலில் பித்தத்துக்கு மாற்று வழி. சில வாரம் கழித்து, மஞ்சள் இறங்கிய பிறகு, கட்டியை எடுப்பது. ஏன் என்றால், மஞ்சள் காமாலை உள்ளவரைக் கீறினால் இரத்தம் நிற்காது. பித்தம் குடலுக்கு வராவிட்டால் வைட்டமின் கே என்ற சத்து உடம்பில் சேராது. அது இல்லாமல் இரத்தம் உறையாது. டென்மார்க் நாட்டு விஞ்ஞானி ஹென்ரிக் டாம் இந்தச் சத்தைக் கண்டுபிடித்து, அது மருந்தாகவும் கைக்கு வந்ததும் நிலைமை மாறியது.

1940-ம் ஆண்டு மார்ச் மாதம் ஒரு சம்பவம். இரைப்பையில் கட்டி என்று நினைத்து, வெளியூர் டாக்டர்கள் பார்த்துக் கொண்டிருக்க, விப்பிள் ஆபரேஷனைத் தொடங்கினார். இரைப்பையை வெட்டிய பிறகுதான் தெரிந்தது, கட்டி கணையத்தின் தலையில் இருக்கிறது என்று. திரும்பிப் போக வழி இல்லை. அந்த நோயாளிக்குக் காமாலையும் இல்லை. எனவே ஒரே தவணையில் எல்லாவற்றையும் முடித்தார். நோயாளி பிழைத்துப் பல ஆண்டுகள் வாழ்ந்தார். அதன் பிறகு ஒரே தவணை முறை நிலைத்தது. கணையத்தை மூடிவிடாமல் குடலோடு இணைக்கும் முறையும் திரும்ப வந்தது. மூடிவிட்டாலும் கசிவு நிற்கவில்லை. சாப்பிட்ட கொழுப்பும் செரிக்கவில்லை என்று அனுபவம் சொன்னது.

இன்று செய்யப்படும் விப்பிள் ஆபரேஷனில் கணையத்தின் தலை, சிறுகுடலின் முதல் பகுதி, பித்தப் பை, பித்தக் குழாயின் கீழ்ப் பகுதி, பல நேரம் இரைப்பையின் ஒரு பகுதி ஆகியவை எடுக்கப்படுகின்றன. பிறகு மூன்று இணைப்புகள். கணையத்துக்கு ஒன்று, பித்தக் குழாய்க்கு ஒன்று, இரைப்பைக்கு ஒன்று. மூன்றில் டாக்டர்களைத் தூங்கவிடாதது கணைய இணைப்புதான்.

விப்பிள் தம் வாழ்நாளில் இந்த ஆபரேஷனைச் செய்தது 37 முறை. இன்று பெரிய புற்றுநோய் ஆஸ்பத்திரிகளில் ஓர் ஆண்டிலேயே அதைவிட அதிகம் நடக்கிறது.

மாணவி தந்த மார்க்

விப்பிளின் கீழ் அறுவை சிகிச்சை பயில வந்தவர்களில் வர்ஜீனியா ஆப்கர் என்ற பெண் ஒருவர். 1933-ல் கொலம்பியாவில் டாக்டர் பட்டம் பெற்றவர். கெட்டிக்காரி. ஆனால் அது பொருளாதார நெருக்கடிக் காலம். ஆண் டாக்டர்களுக்கே பிழைப்பு நடத்துவது கடினம். பெண் ஒருவர் கத்தி பிடித்தால் யார் வருவார்கள் என்று விப்பிள் கவலைப்பட்டார். மயக்க மருந்துத் துறைக்குப் போகும்படி அவருக்கு யோசனை சொன்னார். நல்ல மயக்க மருந்து டாக்டர்கள் இல்லாமல் அறுவை சிகிச்சை வளராது என்பதும் அவர் எண்ணம். ஒரு பெண்ணின் ஆசையைத் திருப்பிவிட்டது சரிதானா என்று இன்று கேட்கலாம். கேட்க வேண்டிய கேள்விதான்.

ஆனால் ஆப்கர் அந்தத் துறையையே உயர்த்திக் காட்டினார். 1949-ல் கொலம்பியா மருத்துவக் கல்லூரியின் முதல் பெண் முழுப் பேராசிரியர் ஆனார். 1952-ல் ஒரு மார்க் முறையை அறிவித்தார். பிறந்த குழந்தையின் இதயத் துடிப்பு, மூச்சு, கை கால் அசைவின் திடம், தூண்டினால் வரும் எதிர்ச் செயல், உடம்பின் நிறம் ஆகிய ஐந்துக்கும் தலா இரண்டு மார்க். மொத்தம் பத்து. நம் பிள்ளைகள் பிறந்த ஆஸ்பத்திரிச் சீட்டிலும் இந்த மார்க் எழுதப்பட்டிருக்கும், எடுத்துப் பாருங்கள். பிரசவ அறையில் யாரும் ஒரு நிமிடத்தில் போடக் கூடிய கணக்கு. எந்தக் குழந்தையை உடனே கவனிக்க வேண்டும் என்று அது சொல்லிவிடும்.

இந்த யோசனை பிற்காலத்தில் ஆபரேஷன் தியேட்டருக்கும் வந்தது. 2007-ல் போஸ்டன் நகரில் அதுல் கவாண்டே என்ற இந்திய வம்சாவளி டாக்டரும் சகாக்களும், இழந்த இரத்தம், மிகக் குறைந்த நாடித் துடிப்பு, மிகக் குறைந்த இரத்த அழுத்தம் மூன்றையும் வைத்துப் பத்து மார்க் கணக்கு ஒன்றை வகுத்து, அதற்கு ஆப்கரின் பெயரையே சூட்டினார்கள். இந்த இரண்டிலும் மார்க் கூடினால் நல்லது.

பத்துக்கு ஆறு வந்த வழி

விப்பிள் 1946-ல் பேராசிரியர் பதவியில் இருந்து ஓய்வு பெற்றார். நியூயார்க் மெமோரியல் புற்றுநோய் ஆஸ்பத்திரியில் சில ஆண்டுகள் பொறுப்பு வகித்தார். கடைசிக் காலத்தில் மருத்துவ வரலாறு எழுதினார். பிறந்த மண்ணை மறக்கவில்லை. பாரசீகத்திலும் அரபு நாடுகளிலும் நெஸ்தோரியக் கிறிஸ்தவர்களும் முஸ்லிம்களும் மருத்துவத்தைக் காத்து வளர்த்த வரலாறு பற்றி அவர் எழுதிய நூல், அவர் மறைவுக்குப் பிறகு வெளிவந்தது. 1963 ஏப்ரலில், 81-வது வயதில் காலமானார்.

அவர் மறைந்தபோது அந்த ஆபரேஷனுக்கு நல்ல பெயர் இல்லை. பல ஆஸ்பத்திரிகளில் நாலைந்து பேருக்கு ஒருவர் இறந்தனர். 1970-ல் ஜார்ஜ் கிரைல் என்ற பெரிய டாக்டர், கணையப் புற்றுநோய்க்கு இந்த ஆபரேஷனை விட்டுவிட்டு, பித்தத்துக்கு மட்டும் மாற்று வழி செய்வதே மேல் என்று எழுதினார். நிலைமையை மாற்றியது ஏராளமாகச் செய்து பழகிய கைகள். 1993-ல் ஜான்ஸ் ஹாப்கின்ஸ் ஆஸ்பத்திரி டாக்டர் ஜான் கேமரன் குழுவினர், தொடர்ந்து 145 பேருக்குச் செய்து ஒருவரும் இறக்கவில்லை என்று அறிவித்தனர். 2002-ல் அமெரிக்காவில் எடுத்த ஒரு கணக்கில், ஆண்டுக்கு ஒன்று கூடச் செய்யாத ஆஸ்பத்திரிகளில் கணைய ஆபரேஷனுக்குப் பின் நூறில் 16 பேர் இறந்தது தெரிந்தது. ஆண்டுக்கு 16-க்கு மேல் செய்த ஆஸ்பத்திரிகளில் நூறில் 4 பேர்.

சாவு குறைந்தது. கசிவு முற்றிலும் ஒழியவில்லை. இன்றும் நூறில் பத்து முதல் இருபது பேருக்குத் தொல்லை தரும் கசிவு ஏற்படுகிறது. கசிவு என்றால் எது என்பதிலேயே ஆளுக்கொரு பேச்சு இருந்தது. 2005-ல் பல நாட்டு நிபுணர்கள் கூடி ஒரு வரையறை வகுத்தார்கள். வயிற்றில் வைத்த வடிகுழாயில் வரும் நீரில், மூன்றாம் நாளோ அதற்குப் பிறகோ, அமிலேஸ் என்ற கணையப் பொருள் இரத்தத்தின் சாதாரண உச்ச அளவைப் போல் மூன்று மடங்குக்கு மேல் இருந்தால் கசிவு. 2016-ல் இதைத் திருத்தி, நோயாளிக்கு எந்தத் தொல்லையும் தராத கசிவை ஆய்வுக்கூடக் கசிவு என்று தனியே பிரித்தார்கள்.

யாருக்குக் கசியும் என்று முன்கூட்டிச் சொல்ல முடியுமா? 2013-ல் அமெரிக்க டாக்டர்கள் ஒரு மார்க் முறையை வெளியிட்டார்கள். அண்ணாச்சிக்குப் போட்டது அந்தக் கணக்குத்தான். அவருடைய கணக்கையே பார்க்கலாம்.

கணையம் மிருதுவாக இருந்தது. அதற்கு 2 மார்க். பழுத்த பப்பாளியில் ஊசி கோத்தால் நூல் சதையை அறுத்துக்கொண்டு வந்துவிடும் அல்லவா, அதுபோல. கெட்டியான கணையத்துக்கு மார்க் கிடையாது.

கட்டி வாட்டர் வாயில் இருந்தது. அதற்கு 1. கணையத்திலேயே தோன்றும் சாதாரணப் புற்று என்றாலோ, நாள்பட்ட கணைய அழற்சி என்றாலோ மார்க் இல்லை. இது விந்தையாகத் தோன்றும். ஆனால் காரணம் உண்டு. அந்த நோய்கள் கணையத்தை இறுகச் செய்து, குழாயை அடைத்துப் பெரிதாக்கிவிடுகின்றன. தைக்க வசதி. கணையம் கெடாமல் இருப்பவருக்குத்தான் தையல் நிற்பது கடினம்.

குழாயின் அகலம் 3 மில்லிமீட்டர். அதற்கு 2. ஐந்து அல்லது அதற்கு மேல் என்றால் ஒன்றும் இல்லை; ஒன்று அல்லது அதற்குக் கீழே என்றால் 4.

இழந்த இரத்தம் 400 மில்லிக்கு மேல், 700-க்குள். அதற்கு 1. ஆயிரத்தைத் தாண்டினால் 3.

கூட்டினால் ஆறு. பூஜ்யம் என்றால் கசிவுக்கு அநேகமாக இடமில்லை. ஒன்றும் இரண்டும் குறைந்த ஆபத்து. மூன்று முதல் ஆறு வரை நடுத்தரம். ஏழு முதல் பத்து வரை அதிகம். இரத்த இழப்பை ஆளுக்கு ஆள் வேறாக மதிப்பிடுகிறார்கள் என்பதால், 2019-ல் வந்த இன்னொரு முறையில் அதை நீக்கிவிட்டு, உயரத்துக்கு ஏற்ற எடையைச் சேர்த்திருக்கிறார்கள்.

ஜாதகம் அல்ல, காஷன் ஆர்டர்

ரயில்வேயில் வேலை பார்ப்பவர்களுக்குத் தெரியும். தண்டவாளம் பலவீனமாக உள்ள இடம் வந்தால் டிரைவரிடம் முன் ஸ்டேஷனிலேயே காஷன் ஆர்டர் கொடுப்போம். இந்தக் கிலோமீட்டரில் இருந்து இந்தக் கிலோமீட்டர் வரை இத்தனை வேகத்துக்கு மேல் போகாதே என்று அதில் இருக்கும். அந்தத் தாளுக்கு வண்டி கவிழும் என்று அர்த்தம் இல்லை. கவிழாமல் இருக்கத்தான் தாள்.

கசிவு மார்க்கும் அப்படித்தான். ஒரே மார்க் வாங்கிய நூறு பேரில் ஏறத்தாழ எத்தனை பேருக்குக் கசியும் என்று அது சொல்லும். இந்த அண்ணாச்சிக்குக் கசியுமா என்று சொல்லாது. ஆனால் எங்கே கண் வைக்க வேண்டும் என்று சொல்லும். குறைந்த மார்க் என்றால் வடிகுழாயைச் சீக்கிரம் எடுத்துவிடலாம். நோயாளி விரைவில் வீடு திரும்பலாம். கூடிய மார்க் என்றால் குழாயை விட்டுவைத்து, அதில் வரும் நீரைச் சோதித்து, காய்ச்சலையும் நாடியையும் உன்னிப்பாகப் பார்ப்பார்கள்.

அண்ணாச்சிக்குக் கசிந்தது. ஐந்தாம் நாள் காய்ச்சல் வந்தது. குழாயில் நீர் கலங்கியது. டாக்டர்கள் எதிர்பார்த்துக் காத்திருந்தார்கள். உடனே ஸ்கேன், மருந்து, தேங்கிய நீரை வடிக்க இன்னொரு குழாய். மறுபடி வயிற்றைத் திறக்க வேண்டிய அவசியம் வரவில்லை. மூன்று வாரத்துக்கு மேல் படுக்கை. 1934-ல் முப்பது மணி நேரத்தில் உயிரைக் கொண்டுபோன அதே கசிவு, இங்கே ஒரு மாதக் கஷ்டத்தோடு போனது.

நம்மவர்கள் வீட்டில் யாருக்காவது இப்படி ஒரு நிலை வந்தால் டாக்டரிடம் கூச்சப்படாமல் மூன்று கேள்வி கேளுங்கள். இந்த ஆஸ்பத்திரியில் ஆண்டுக்கு எத்தனை விப்பிள் ஆபரேஷன் நடக்கிறது? ஆபரேஷன் முடிந்த பிறகு கசிவு ஆபத்து எவ்வளவு? குழாயை என்றைக்குச் சோதிப்பீர்கள்? வீட்டுப் பக்கத்தில் இருக்கிறது, தெரிந்தவர் வேலை பார்க்கிறார் என்பதற்காக மட்டும் ஆஸ்பத்திரியைத் தேர்ந்தெடுக்க வேண்டாம். ஆபரேஷனுக்குப் பின் குழாயில் கொஞ்சம் இரத்தம் தென்பட்டாலும் பொழுது விடியட்டும் என்று இருக்கக் கூடாது. அது பெரிய இரத்தப் பெருக்குக்கு முன்னறிவிப்பாக இருக்கலாம். இரவு என்றாலும் நர்சை எழுப்புங்கள். வீட்டுக்கு வந்த பிறகு என்றால் உடனே வண்டி பிடியுங்கள்.

அண்ணாச்சி இப்போது மீண்டும் பட்டறைக்குப் போகிறார். சாப்பாட்டோடு கணையச் சத்து மாத்திரை போட்டுக் கொள்கிறார். எடை இன்னும் பழையபடி ஏறவில்லை. மூன்று மாதத்துக்கு ஒரு முறை செக்கப். அன்றைய தேதியை மதினி காலண்டரில் வட்டம் போட்டு வைத்திருக்கிறார். அந்தச் சீட்டில் விப்பிள் என்று எழுதியிருப்பது ஒரு மனிதரின் பெயர் என்று மகனுக்கு இப்போது தெரியும். தோற்ற ஆபரேஷனையும் மறைக்காமல் எழுதிவைத்த மனிதரின் பெயர் என்று நான் அவனுக்குச் சொன்னேன்.